வாஷர் அக்கா கழற்றிப் பூட்டிய கிட்டார்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓடுகிற பேருந்துகளில் கடகடவென்று ஆடாத ஜன்னல் ஒன்றை நீங்கள் பார்த்தால், அந்த இருக்கையில் என்றைக்கோ ஒருநாள் வாஷர் அக்கா உட்கார்ந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். ஆடுகிற பொருளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. மற்ற பெண்களின் கைப்பையில் சீப்பும் பவுடரும் இருக்கிற இடத்தில் அவர் மூன்று ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன ஸ்பேனர், ஒரு வெர்னியர் அளவுகோல், பழைய தைலப் புட்டி நிறைய வாஷர் ஆகியவற்றை வைத்திருந்தார். பேருந்து மல்லூரைத் தாண்டுவதற்குள் ஜன்னல் வாயை மூடிவிடும்.

ஒருமுறை கண்டக்டர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "ஏனுங்க, பஸ்ஸக் கழட்டறீங்களா?"

அக்கா தலை நிமிரவில்லை. "கழட்டலீங்க, பூட்டறேன். நீங்க டிக்கெட்டக் குடுங்க."

கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்தார். நாங்கள் இறங்குகிற இடம் வந்ததும், டிரைவர் சீட்டுக்கு அடியிலும் ஒரு சத்தம் வருகிறது, ரெண்டு நிமிஷம் பார்க்க முடியுமா என்று கேட்டார். அக்கா பார்த்தார். பேருந்து நின்றது. நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

நான் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, சூரமங்கலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்த காலம் அது. அக்காதான் என் அறைத் தோழி. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். விடுதிப் பதிவேட்டில் அவருக்கு நீளமான, அழகான ஒரு பெயர் இருந்தது. அது அங்கேயே இருந்தது. தபால்காரர் முதல் தயிர்க்காரர் வரை எல்லாருக்கும் அவர் வாஷர் அக்காதான். வந்த முதல் வாரத்திலேயே சொட்டுகிற குழாய், ஆடுகிற கட்டில், முனகுகிற மின்விசிறி, மாவரைக்கும் கிரைண்டர் எல்லாவற்றுக்கும் வாஷர் போட்டுச் சரிசெய்துவிட்டார். கடைசியில் வாசல் இரும்புக் கேட்டுக்கும் போட்டார். அங்கேதான் பிரச்சினை வந்தது.

எங்கள் வார்டனம்மா ஆத்தூர்க்காரர். மறுநாள் மாலை அறைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, அந்த கேட்டு சத்தம் கேட்டாதான் எவ எப்ப உள்ள வர்றான்னு எனக்குத் தெரியும். நேத்துலருந்து எவ வர்றா எவ போறா ஒண்ணும் புரியல. அந்த சத்தத்தத் திரும்பப் போட்டுக் குடு."

அக்கா இறங்கிப் போய் ஒரு வாஷரை எடுத்துவிட்டு, கேட்டைத் திறந்து மூடிக் காட்டினார். "கிட்டார் மொதக் கம்பி சுருதிக்குக் கத்துதுங்க. போதுமுங்களா?"

வார்டனம்மா போதும் என்றார். அவருக்கு அப்போது கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆறே மாதத்தில் தெரிந்துகொண்டார். நாங்கள் எல்லாருமே தெரிந்துகொண்டோம்.

கிட்டார் என்றதும் வயிறு பெருத்த மரக் கிட்டாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அக்காவுடையது மின்சாரக் கிட்டார். பலகை போலத் தட்டையாக இருக்கும், வயரைச் சொருகினால்தான் வாயைத் திறக்கும். நிறம் செம்பழுப்பு. "மேச்சேரி ஆட்டுக் கலரு" என்பார். வெளிநாடு போகிற ஒரு காலேஜ் மாணவனிடம் பழையதாக வாங்கி, செல்போன் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு, ராசிபுரத்தில் ஒரு இன்னிசைக் குழுவில் வாசிக்கிற அளவுக்கு வந்திருந்தார். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் விசேஷம் என்று மாதம் நான்கைந்து மேடை. அந்தக் குழுவில் வாத்தியம் வாசிக்கிற ஒரே பெண் அவர்தான்.

ஏன் கிட்டார், அதுவும் மின்சாரக் கிட்டார் என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் வீடு எடப்பாடியில். வீட்டோடு சேர்ந்தே எட்டு விசைத்தறிகள். சின்ன வயதில் எந்தத் தறியில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே அப்பாவிடம் சொல்வாராம்.

"எங்கூட்ல தறி ஓடறப்ப வீணை வாசிச்சா யாருக்குக் கேக்கும் கண்ணு? இதுன்னா சத்தத்தத் திருகி உட்டுக்கலாம்."

அதைவிட நல்ல காரணத்தை ஒரு இசைக் கலைஞர் சொல்லி நான் இன்றுவரை கேட்டதில்லை.

வேலை அவருக்கு ஒரு பட்டறையில். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற இடம். செய்து வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவது அவர் வேலை. அப்படிப்பட்ட மனுஷி கையில், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சுருதி இறங்குகிற கிட்டார் கிடைத்தால் என்ன ஆகும்? எல்லாரும் கிட்டாரில் கம்பியை மாற்றுவார்கள். அக்கா கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றினார்.

முதலில் கீ. கிட்டாரின் தலையில் கம்பியை முறுக்குவதற்கு ஆறு திருகுகள் இருக்கும், அதுதான் கீ. புதிதாக ஆறு கீ கொண்ட செட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். வந்ததும் வெர்னியரை எடுத்தார். ஆறு தண்டும் ஒரே அளவில் இல்லை, திருப்பி அனுப்பினார். அடுத்த செட்டில் பல்சக்கரம் லூஸ். திருகினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டுத்தான் கம்பியை இழுக்கிறது. அதுவும் போயிற்று. மூன்றாவது செட்டோடு வந்த டெலிவரிக்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இப்புடி உக்காந்துக்கறனுங்க. அளந்து பாத்துப்போட்டுச் சொல்லீருங்க. திரும்ப எடுக்கறதுக்கு இன்னொரு நட நான் ஏன் வரோணும்?"

வார்டனம்மா அவருக்கு டீ கொடுத்தார். நான்காவது செட்டுக்கும் அப்படியே. ஐந்தாவது செட் வந்த அன்று அக்கா குளித்துக்கொண்டிருந்தார். டெலிவரிக்காரர் வெர்னியரைக் கேட்டு வாங்கி, தானே அளந்து, என்னிடம் சொன்னார்: "மேடம், இது பாயிண்ட் ரெண்டு எச்சா இருக்குது. அக்காகிட்டச் சொல்லிருங்க, நானே கொண்டு போயிர்றேன்." ஆறாவது செட் தேறியது. அன்றைக்கு டெலிவரிக்காரருக்கு டீயோடு பஜ்ஜியும் கிடைத்தது.

அடுத்தது நட்டு. கிட்டாரில் நட்டு என்றால் போல்ட்டுக்கு ஜோடியான நட்டு இல்லை. தலைக்கும் கழுத்துக்கும் நடுவில், கம்பிகள் உட்கார்ந்து போவதற்கு ஆறு வெட்டு வெட்டிய ஒரு சின்னப் பட்டை. செவ்வாய்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு அக்காவோடு போனேன். "நட்டு வேணுங்க" என்றார். "எத்தன இஞ்சு போல்ட்டுக்கு?" என்றார் கடைக்காரர். "போல்ட்டு இல்லீங்க, கிட்டாருக்கு." கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கிட்டாரு எத்தன இஞ்சு?"

கடைசியில் பட்டறையில் ஒதுக்கிப் போட்ட பித்தளைத் துண்டு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, தானே அரம் போட்டுச் செய்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை ராவினார். அந்தச் சத்தத்தில் விடுதிக்கே பல் கூசியது. வெட்டுகளுக்குள் கம்பி வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்று என் பென்சிலை வாங்கி உள்ளே தேய்த்தார். அதில் என் பென்சில்கள் மூன்று காலி. மேடையில் கிட்டார் 'கொர்ர்' என்று உறுமக்கூடாது என்று, பின்பக்கப் பள்ளத்துக்குள் வார்டனம்மா சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை ஒட்டினார். உறுமல் நின்றது. ஒரு வாரம் எங்களுக்குச் சப்பாத்தி வாழையிலையில் வந்தது.

ஸ்பிரிங் கதையைச் சொல்லாமல் விட்டால் அக்கா கோபித்துக்கொள்வார். அவர் கிட்டாரில் ஒரு வளைந்த கம்பி உண்டு. அதை அழுத்தினால் சுரம் குழைந்து இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். வரவேண்டும். அக்காவின் கிட்டாரில் போன சுரம் போனதுதான். பின்பக்கம் இருக்கிற ஸ்பிரிங்குகள் சொத்தை என்று முடிவுசெய்து, எடப்பாடி போய்த் தறியில் போடுகிற ஸ்பிரிங் மூன்றைக் கொண்டுவந்து பூட்டினார். அப்புறம் அந்தக் கம்பியை அழுத்தினார். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். நான் வந்து கூட அழுத்தினேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி நகர்ந்தது, கம்பி நகரவில்லை.

"தறிக்கு இது பத்தாதும்பாங்க" என்று அக்கா ஆச்சரியப்பட்டார். "கிட்டாருக்கு எச்சாப் போச்சு."

பிறகு பத்துப் பதினைந்து விதமான ஸ்பிரிங்குகளை வாங்கி, ஜன்னல் கம்பியில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எது எவ்வளவு நீள்கிறது என்று நோட்டில் எழுதினார். அந்த ஒரே எடை, என் கைப்பை. மூன்று நாள் நான் அலுவலகத்துக்கு ஜவுளிக்கடைப் பையில் டிபன்பாக்ஸ் எடுத்துப் போனேன்.

இவ்வளவு செய்தும் அவர் பார்க்காமல் விட்ட ஒரே ஒரு ஸ்க்ரூ இருந்தது. அது புதுச்சத்திரத்தில் காட்டிக்கொடுத்தது.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. அக்கா வாசிப்பதைப் பார்க்க நானும் போயிருந்தேன். மாலை ஆறரை மணி, மண்டபம் நிறைந்திருந்தது. குழுவை நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். ஐம்பது வயதுக்காரர், கீபோர்டு வாசிப்பார். கோபக்காரர் இல்லை, ஆனால் மேடையில் ஒரு தப்பு நடந்தால் மூன்று நாள் சாப்பிடமாட்டார் என்று சொல்வார்கள். மூன்றாவது பாட்டு. ஆரம்பத்திலேயே கிட்டார் தனியாக வரவேண்டிய இடம். அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். தோளில் மாட்டுகிற பட்டையைக் கிட்டாரின் உடம்பில் பிடித்திருக்கிற குமிழ், ஸ்க்ரூவோடு மரத்தைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கிட்டார் தலைகுப்புறப் போய் மேடையில் அடித்தது. ஒலிபெருக்கி அத்தனையிலும் அந்த அடி கேட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பிறகு மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐந்நூறு பேர் சேர்ந்து சிரித்தால், நல்ல சிரிப்புக்கும் கெட்ட சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு கீ வளைந்துவிட்டது. பிரிட்ஜில், அதாவது கம்பிகளின் கீழ்முனை உட்கார்கிற தகட்டில், இரண்டு தாங்கிகள் உடைந்துவிட்டன. பித்தளை நட்டு மட்டும் அசையாமல் இருந்தது. மீதிப் பாட்டுகளில் மாஸ்டர் கிட்டார் பகுதியையும் கீபோர்டிலேயே வாசித்தார். அக்கா மேடையின் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிட்டார்.

முடிந்ததும் மாஸ்டர் வந்தார். "இங்க பாரும்மா. நீ நல்லாத்தான் வாசிக்கற. ஆனா ஒருநாள் சுருதி நிக்கறதில்ல, ஒருநாள் கொர்ருங்குது, இன்னைக்கு கீழயே உழுந்துருச்சு. கிட்டார் சத்தம் கீபோர்டுலயே வருது. இனி அது போதும்னு பாக்கறேன்."

"ஒரு தடவ பாருங்க மாஸ்டர்" என்றார் அக்கா.

மாஸ்டர் யோசித்தார். "திருச்செங்கோட்டுல அடுத்த கச்சேரி இருக்குது. அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழம ஒத்திகைக்கு வா. ரெண்டு மணி நேரம் கீயில கை வெக்காம வாசி. சுருதி நின்னுச்சுன்னா வாசிக்கலாம். நிக்கலீன்னா விட்ரு."

திரும்பி வரும்போது எங்கள் இருக்கையின் ஜன்னல் கண்ணாடி புதுச்சத்திரத்திலிருந்து சேலம் ஐந்து ரோடு வரைக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று நாள் கிட்டார் உறையைவிட்டு வெளியே வரவில்லை. வார்டனம்மா என்னிடம் ரகசியமாக, "அந்த அரம் ராவுற சத்தம் இருந்தாலே தேவலாம்" என்றார். நான்காவது நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே அக்கா கேட்டார்: "கண்ணு, ஞாயித்துக்கிழம உனக்கு ஏதாச்சு சோலி இருக்குதா? நாமக்கல் போலாம். ஒரு மரத்துண்டு வேணும்."

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறைக்குப் போனோம். வெள்ளை மீசை மேஸ்திரி ஒருவர் வந்தார். அக்கா கிட்டாரைப் பலகைமேல் கிடத்தி, குமிழ் பிடுங்கிய ஓட்டையைக் காட்டினார். "இங்க ஸ்க்ரூ புடிக்கமாட்டேங்குதுங்க."

மேஸ்திரி ஓட்டைக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுச் சுரண்டிப் பார்த்தார். "இது மரமே இல்லீங்க, ரஸ்க்கு."

"நீங்க லாரித் தளத்துல என்ன பண்ணுவீங்க?"

"ஓட்டையப் பெருசாக்கி, உள்ள கருவேல முளைய அடிச்சு, அதுல ஸ்க்ரூவ எறக்குவோம். பதினஞ்சு டன்னு ஏத்தலாம். இது என்ன வெயிட்டு வருமுங்க?"

"நாலு கிலோங்க."

மேஸ்திரி அக்காவை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப முளைக்கே வெக்கமா இருக்குமுங்க."

இருந்தாலும் செய்தார். கருவேலக் கட்டையில் விரல்நீளத்துக்கு ஒரு முளை சீவிக் கொடுத்தார். அக்கா பழக்கதோஷத்தில் வெர்னியரை எடுத்தார். மேஸ்திரி முகம் மாறியது. "கண்ணளவுல நாப்பது வருசமாச் சீவறனுங்க" என்றார். அக்கா அளந்தார். இந்த முனையில் அளந்தார், அந்த முனையில் அளந்தார், நடுவில் அளந்தார். வெர்னியரை மூடி உறையில் போட்டார்.

"அய்யா, செரியா இருக்குதுங்க."

அக்கா ஒரு பொருளை முதல் அளவிலேயே ஏற்றுக்கொண்டதை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மேஸ்திரி ஓட்டையைப் பெரிதாக்கி, முளையில் பசை தடவி உள்ளே அடித்தார்; அது காய்வதற்குள் நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஸ்க்ரூவை இறக்கிக் குமிழைப் பூட்டியதும், மேஸ்திரிக்குத் தன் வேலையைக் காட்டியே ஆகவேண்டும். குமிழில் ஒரு கயிற்றைக் கட்டி, இருபது லிட்டர் பெயின்ட் டப்பாவை அதில் தொங்கவிட்டார். பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தது. குமிழ் அசையவில்லை. "பாட்டு வாசிக்கறப்ப இதக் கழட்டீட்டு வாசிங்க" என்றார் மேஸ்திரி.

பிரிட்ஜுக்கு ஆறு தாங்கிகளையும் பித்தளையில் புதிதாகச் செய்வது என்று அக்கா தீர்மானித்தார். பட்டறை முதலாளியிடம் அனுமதி வாங்கி, வேலை நேரம் முடிந்தபிறகு கடைசல் இயந்திரத்தில் செய்தார். செய்தவற்றைத் தானே அளந்து, நான்கைத் தானே நிராகரித்து, நிராகரிப்புப் படிவத்தில் செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, சோதித்தவர் என்ற இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். முதலாளி அந்தப் படிவத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி.

கடைசி வேலை புது கீ. இந்தமுறை கம்பியை உள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிற பூட்டுக் கீயைத் தேர்ந்தெடுத்தார். அதற்குக் கிட்டாரின் தலையிலுள்ள ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினாலும் தலை பிளந்துவிடும், கிட்டார் அதோடு சரி. ஒத்திகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், என் மடியில் என் புதுத் துண்டை விரித்து, அதன்மேல் கிட்டாரின் கழுத்தை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் ஓட்டையை அகலமாக்குகிற கூர்முனைத் துருவியை உள்ளே சொருகி, நகம் வெட்டுகிற மாதிரி மெதுவாகத் திருகினார். மரத்தூள் என் துண்டில் விழுந்தது.

"மூச்சு உடாத கண்ணு."

மூன்றாவது ஓட்டையில் நான் கேட்டேன். "அக்கா, புதுசா ஒரு நல்ல கிட்டாரே வாங்கியிருக்கலாமே?"

அவர் திருகுவதை நிறுத்தவில்லை. "பத்து வருசமா அடுத்தவங்க செஞ்சதுல தப்பக் கண்டுபுடிக்கறதுதான் எஞ்சோலி. இது ஒண்ணுதான் சாமி நானாச் செஞ்சது. இதுல தப்பிருந்தா அது என் தப்பு. அது எனக்கு வேணும்."

அதற்குப்பிறகு மீதி மூன்று ஓட்டைகளுக்கும் நான் ஒழுங்காக மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ராசிபுரத்தில், ஒரு உரக்கடைக்கு மேலே இருக்கிற ஒத்திகை அறையில் மாஸ்டர் காத்திருந்தார். சுருதி காட்டுகிற ஒரு சின்னக் கருவியைக் கிட்டாரின் தலையில் தானே மாட்டினார். சுருதி சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எல்லாம் பச்சை. "ஆரம்பிக்கலாம்" என்றார். அன்று அவர் தேர்ந்தெடுத்த பாட்டெல்லாம் கிட்டாரை வதைப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த மாதிரி இருந்தது. கம்பியை இழுத்து வளைக்கிற பாட்டு, அழுத்து கம்பியைப் போட்டு ஆட்டுகிற பாட்டு, ஓயாமல் அடிக்கிற பாட்டு. அக்கா வாசித்தார். புழுக்கத்தில் வியர்வை முழங்கைவழியாகச் சொட்டியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பச்சை. ஒன்றரை மணி நேரம். மாஸ்டர் எழுந்து வந்து ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பார்த்தார். மூன்றாவது கம்பியில் சிவப்பு எரிந்தது.

"மூணாவது எறங்கீருச்சும்மா."

அக்கா ஒன்றும் வாதாடவில்லை. கீ பக்கம் கையைக் கொண்டுபோகவும் இல்லை. அந்த அழுத்து கம்பியை ஒரே ஒருமுறை மெல்ல அழுத்திவிட்டு, கையை எடுத்தார். "ஆட்டுனது ஆட்டுனபடி நின்னுருச்சுங்க. எடத்துக்கு வர உட்டாப் போதும். இப்பப் பாருங்க."

மாஸ்டர் மீட்டினார். பச்சை. அவர் நம்பவில்லை. அழுத்து கம்பியைத் தன் கையாலேயே பிடித்து, கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி ஏழெட்டு முறை அழுத்தித் தூக்கி, விட்டுவிட்டு மீட்டினார். பச்சை. ஆறு கம்பியும் பச்சை. டிரம்ஸ்காரர் எழுந்து வந்து பிரிட்ஜைக் குனிந்து பார்த்தார். "இந்தப் பித்தளை எந்த நாட்டுச் சாமானுங்க?"

"எங்க பட்டறையில செஞ்சதுங்க" என்றார் அக்கா.

பாட்டுக்காரர் அன்று இரண்டு இடத்தில் சுருதி தவறினார் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாஸ்டர் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாராட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஜன்னல்பக்கம் போய் நின்றார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்: "திருச்செங்கோட்டுக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருங்க."

வா என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வாங்க என்கிறார். அக்கா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை, அவர் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் கவனித்தேன். படியிறங்கும்போது உரக்கடைக்காரரைப் பார்த்துக் காரணமே இல்லாமல் சிரித்தேன்.

திருச்செங்கோட்டுக் கச்சேரியில் கிட்டார் தனியாக வருகிற இடத்தில் மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, கட்டிக்கொண்டு நின்றார். அதைவிடப் பெரிய பொன்னாடை அந்தக் குழுவில் யாருக்கும் போட்டதில்லை. அக்கா முன்னால் வந்து வாசித்தார். கருவேல முளை தாங்கியது. முன்வரிசையில் ரிக் வண்டிக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வண்டிக்குள் போகிற பாகத்தை அளக்கிற கைதான் அது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பார்கள்.

பிறகு ஈரோடு, கரூர் பக்கத்திலிருந்தெல்லாம் கிட்டார்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பித்தளை நட்டு வேண்டும், ஸ்பிரிங் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி வாசலில் நிற்பார்கள். டெலிவரிக்காரரைத் தவிர ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால் கேட்டுக்கு வெளியே அவர்களும் உள்ளே அக்காவும் நின்று, கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே கிட்டாரை விட்டு வாங்கி வைத்தியம் நடக்கும். வார்டனம்மா வரிசையை ஒழுங்குபடுத்துவார். எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அவர் வாங்கிவந்த சாமானை அக்கா முதலில் அளந்து பார்ப்பார். பாதிப் பேர் அதே சாமானோடு திரும்பிப் போவார்கள். "வெல எச்சா இருந்தா நல்லதுன்னு நெனச்சு வாங்கிப்போடறாங்க கண்ணு. உன் கிட்டாருக்கு எது உக்காரும்னு பாத்து வாங்கோணும்" என்பார் என்னிடம். நான் கிட்டார் வாசிக்காதவள். இருந்தாலும் தலையாட்டுவேன்.

எனக்கு நாமக்கல் கிளைக்கு மாற்றலாகி, கல்யாணமாகி, இங்கேயே தங்கிவிட்டேன். அக்கா இப்போதும் சேலத்தில்தான். அதே பட்டறை, அதே குழு, அதே மேச்சேரி ஆட்டுக் கலர்.

சென்ற மாதம் இங்கே ஒரு மண்டபத்தில் வரவேற்பு. போனபிறகுதான் மேடையில் யார் என்று தெரிந்தது. நெரிசலில் மேடைக்குப் பக்கத்தில் போக முடியவில்லை, பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் மாஸ்டர் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். டிரம்ஸ் யார், தபேலா யார், பாட்டு யார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "கிட்டார், நம்ம வாஷர் அக்காங்க" என்றார். அக்கா லேசாகத் தலையைக் குனிந்தார். கூட்டம் தட்டியது. கைதட்டல் ஓய்ந்தபிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபிறகுதான் அது என் கை என்று எனக்குத் தெரிந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா என் பக்கம் சாய்ந்தார். "உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"ஆமாங்க" என்றேன். என்ன முறை என்று அவர் கேட்டார். கூடப்பிறந்த அக்கா என்று சொல்லிவிட்டேன்.